உலர் எடை

வெள்ளிக்கிழமை என்னைப் பிழிந்து அனுப்பினார்கள்.
அறுபத்தொரு கிலோ, இருநூறு கிராம்.
அதற்கு உலர் எடை என்று பெயராம்.
நர்ஸ் யஹோஸ்கா சொன்னபோது
கொடியில் கிடக்கும் சட்டைதான் ஞாபகம் வந்தது.

அடுத்தது திங்கள்.
நடுவில் இரண்டு பகல், மூன்று இரவு.
அந்தப் பள்ளத்தில்தான் ஆட்கள் விழுவார்கள் என்பான்
வேன் ஓட்டும் ஃபிலெமோன்.
எத்தனை வாசலில் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு
வெறும் சீட்டோடு போனான் என்பது
அவனுக்குத்தான் தெரியும்.

நாளைக்கு எழுநூறு மில்லி.
ஔசிலியாதோரா பாட்டிலில்
நகப்பூச்சால் கோடு போட்டிருக்கிறாள்.
மாத்திரைக்கு இவ்வளவு, காப்பிக்கு இவ்வளவு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டுமே,
அளந்துதான் ஊற்றுகிறாள்.
மீதித் தாகத்துக்கு ஒரு ஐஸ் கட்டி.
கன்னத்தில் அடக்கிக்கொண்டு
பூசை முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.
பாதிரியார் அதை பக்தி என்று நினைக்கிறார்.

இந்த வாரம் தப்பு என்னுடையது.
சனிக்கிழமை மச்சினி மகளுக்குக் கல்யாணம்.
உப்பு ஊறிய பாலாடைக்கட்டி,
வாழையிலையில் அவித்த பன்றிக்கறி,
வியர்த்து நிற்கும் குவளையில் சோளப் பானம்.
ஒன்று குடித்தேன்.
யாரும் பார்க்கவில்லை என்பதால் இன்னொன்று.
அப்புறம் எண்ணவில்லை.

கரும்பு வெட்டிய பதினாறு வருஷமும்
உடம்பு தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தது.
இந்த வரிசை முடியட்டும், லாரி வரட்டும் என்று
அதற்குத் தண்ணி காட்டிக்கொண்டே இருந்தேன்.
வெயிலால் என்கிறார்கள் சிலர்,
தெளித்த மருந்தால் என்கிறார்கள் சிலர்.
எனக்குத் தெரியாது.
இப்போது உள்ளே வந்த ஒரு சொட்டையும்
வெளியே விட மறுக்கிறது.

ஞாயிறு இரவு.
செருப்பு வாரின் தடம்
கழற்றி ஒரு மணி நேரமாகியும் பாதத்தில் இருந்தது.
கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினேன்,
குழி அப்படியே நின்றது
சேற்றில் மாட்டுக் குளம்புபோல.
ஒரு தலையணை. இரண்டு. மூன்று.
மூன்றாவது அவளுடையது.
ஒரு மணிக்குக் கட்டிலே வேண்டாமென்று
ஆடும் நாற்காலிக்கு வந்துவிட்டேன்.
படுத்தால் நீர் எழுந்து வருகிறது,
உட்கார்ந்தால் அதுவும் உட்காருகிறது.
நெஞ்சின் அடியில்
மூடிய பானையில் பீன்ஸ் வேகும் சத்தம்.
ஒரு வாக்கியம் மூன்றாக உடைந்தது:
கதவைக்.
கொஞ்சம்.
திற.

விடியட்டும் என்றேன். வெட்கம்தான்.
என்ன குடித்தாய் என்று கேட்பார்களே.
அவள் என்னோடு வாதாடவில்லை,
போனை எடுத்தாள்.

ஃபிலெமோன் சட்டையில்லாமல் வந்தான்.
ஹார்ன் அடிக்கவில்லை.
முன்சீட்டைச் சாய்க்காமல்
நேராக நிமிர்த்தி வைத்திருந்தான்.
இருபுறமும் கரும்பு, நடுவே இருட்டு.
ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி
நாய்போல் காற்றைக் கடித்துக்கொண்டே போனேன்.

தராசு அறுபத்தைந்து, முந்நூறு காட்டியது.
திட்டுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.
யஹோஸ்கா ஆக்சிஜன் முகமூடியை மாட்டி,
காதுக்குப் பின்னால் பட்டையைச் சரிசெய்துவிட்டு,
"யாருக்குக் கல்யாணம்?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாம் மணியில் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது.
என் குதிகாலைத் தன் வயிற்றில் ஊன்றி
முழு எடையோடு சாய்ந்து நின்றாள் ஔசிலியாதோரா.
பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணைத் திருப்பிக்கொண்டார்,
மரியாதைக்காக.

மதியம் வீடு.
தலையணைகளை ஒவ்வொன்றாக உருவினாள்.
மல்லாந்து படுத்தேன்.
மூச்சு அடிவரை போய்
தரையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.
மூன்றாவது தலையணையை எடுத்துக்கொண்டு
அவள் எனக்கு முன்னால் தூங்கிப்போனாள்,
வாய் லேசாகத் திறந்திருக்க.

மேசைமேல் பாட்டில்.
இன்றைய எழுநூறும் கோட்டோடு கோடாய்
அப்படியே இருந்தது.
எனக்குத் தாகமாக இருந்தது.
எழுப்பவில்லை.