இதுவா, அதுவா

அயனாவரம் சிக்னல் தாண்டி
மாடிப்படிக்கு அடியில் எங்கள் கடை.
ஆறு மீட்டர் நீளம் கிடையாது.
எழுத்துப் பலகையை ஆளின் தலைக்குப் பின்னால் மாட்டி
எதிர்ச்சுவரில் முகக்கண்ணாடி வைத்து
தூரத்தை இரண்டாய் மடித்து வைத்திருக்கிறோம்.

ஆவின் பூத் தேவசகாயம்
இந்த வருஷம் மூன்றாவது முறை வருகிறார்.
மார்ச்சில் மைனஸ் ஒன்று,
ஆடித் தள்ளுபடியில் மைனஸ் இரண்டேகால்.
இப்போது தீபாவளி மழை. குடையை மடக்காமலே
"பவரத் தப்பா எழுதித்தான் ஃபிரேம் விக்கறியாம்மா?"

சோதனைச் சட்டத்தை மூக்கில் ஏற்றி
இதுவா, அதுவா என்று வில்லைகளை மாற்றுகிறேன்.
மைனஸ் மூன்றரை.

"ஆனா பேப்பர் வெறுங்கண்ணுல படிக்கறேன், தெரியுமா?
அறுபத்தெட்டு வயசுல பார்வை திரும்பிடுச்சு."

அந்தச் சந்தோஷத்தை எனக்குத் தெரியும்.
கந்துவட்டிக்காரன் முதல் நாள் சிரிக்கும் சிரிப்பு.
லென்ஸின் நடுக்கரு முற்றி, பழுத்து, இறுகி
வெளிச்சத்தை வேண்டியதைவிட வளைக்கிறது.
தூரத்திலிருந்து வருவதெல்லாம்
விழித்திரைக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே
இறங்கிவிடுகிறது.
கைக்கெட்டும் தினத்தாள் மட்டும்
சரியான இடத்தில் வந்து நிற்கிறது.

எல்லோருக்கும் இப்படி இல்லை.
பஸ் ஓட்டும் ஏகாம்பரத்துக்கு
ஓரத்திலிருந்து ஆரம்பித்தது, சைக்கிள் கம்பிகள் மாதிரி.
போன மாதம் தொண்ணூறில் நின்ற சிலிண்டர் அச்சு
இந்த மாதம் நூற்றிருபதுக்கு நகர்ந்திருந்தது.
ஒரு கண்ணை மூடினாலும்
எதிரே வரும் லாரிக்கு நாலு விளக்கு என்றார்.
அன்றிலிருந்து நைட் ஷிப்ட் போவதில்லை.

இதோ பெஞ்சில் ஷர்புன்னிஸா.
முப்பத்தொன்பது வயது, பிளவுஸ் தைக்கிறாள்,
இளைப்புக்கு வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை.
அவளுக்கு எழுத என்னிடம் எண்ணே இல்லை.
பூஜ்யம். பூஜ்யம்.
எந்த வில்லையைப் போட்டாலும் அதே புகை.
லென்ஸின் பின்முதுகில், நட்டநடுவில் ஒரு சின்னத் திட்டு;
வெயிலுக்குப் பாவை சுருங்கச் சுருங்க
அதுவே வாசலை அடைத்து நிற்கிறது.
நட்டப்பகலில் ஊசிக்காது காணாமல் போகிறது,
கரண்ட் போன அந்தி ஒன்றில் நூல் நுழைந்ததாம்.

அவள்தான் சொன்னாள்:
"அண்ணே, நாலு நாளா நீலப் பாக்கெட் கேட்டா
பச்சைய எடுத்துத் தர்றீங்க."

குடை மடங்கியது.
அவர் பையிலேயே இரண்டு பாக்கெட் இருந்தன.
டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தார்.
இதுவா, அதுவா என்று
நான் கேட்கவில்லை.
சீட்டில் பவர் எழுதவில்லை.
எழும்பூர் கண்ணாஸ்பத்திரி என்று மட்டும் எழுதினேன்,
ஷர்புன்னிஸாவின் சீட்டிலும்.

பொங்கல் கழிந்து வந்தார்,
வலது கண்ணில் புது லென்ஸோடு.
ஒரு கண் ஆகிவிட்டது, மறு கண்ணுக்கு மாசியில் தேதி;
அதுவரை இரண்டுக்கும் மூன்றரை பவர் தகராறு,
படியிறங்கினால் தலை சுற்றுகிறதாம்.
புதுக் கண்ணுக்குப் பேப்பர் படிக்கத்
திரும்பவும் பிளஸ் வேண்டும் என்றேன்.
"குடுத்தத புடுங்கிட்டாங்க" என்றார், கோபமில்லாமல்.

பிறகு உள்ளங்கையால் இடதை மூடினார், வலதை மூடினார்,
மறுபடி இடதை.
"இந்தக் கண்ணுல உன் செவுரு சுண்ணாம்பு வெள்ளை.
இதுல சந்தனம்.
எதும்மா நெசம்? இதுவா, அதுவா?"

போன வருஷம் அடித்தது ஐவரி.
டப்பா இன்னும் படிக்கடியில் கிடக்கிறது.
நான் டிராயரைத் திறந்து
அவருக்குச் சில்லறை தேடினேன்.