எண்பத்தெட்டு

இடது கை சோம்பேறி.
வலது இரண்டு தட்டும் நேரத்தில்
அது ஒன்றைத் தட்டிவிட்டு
மற்றதை முணுமுணுக்கிறது.

பாசல் நகரில் நவம்பர்.
ஆறாம் எண் டிராமைப் பணிமனையில் விட்டு வந்து
இஸ்திரி மேசைமேல் ரப்பர் பலகையை வைத்து
எண்பதில் தொடங்குகிறேன்.
வாரத்துக்கு ஓர் எண்தான் ஏற்றலாம்;
கட்டைவிரல் இறுகினால் இரண்டு இறக்க வேண்டும்.

கீழ்வீட்டு சும்ஷ்டேக் அம்மாள்
துடைப்பக்கட்டையால் கூரையை இடிக்கிறாள்.
அவள் இடியும் சீராக இல்லை.

ஜனவரியில் ஒருநாள், அலுத்துப்போய்,
குச்சியை நான் அடிக்கவில்லை.
விழவிட்டேன்.
அது தானே துள்ளி எழுந்து
இரண்டாவது அடியைப் போட்டுக்கொண்டது.
தனியாகச் சிரித்தேன்.
அப்புறம் எண்கள் என்னைக் கேட்கவில்லை:
நூறு, நூற்றிப்பத்து, நூற்றிருபது.

திருவிழா. விடியல் நான்கு மணி.
ஊர்விளக்கெல்லாம் ஒரே நொடியில் அணைய
முகமூடிக்குள் மூச்சு ஈரமாகத் திரும்பியது.
முன்னால் ரெட்டோ கோலை ஆட்டிக் கொடுத்த வேகம்
எண்பத்தெட்டு.
பிள்ளைவண்டி தள்ளுகிறவர்கள் நடக்கும் வேகம்.

சேர்த்த அவசரத்தை எல்லாம்
ஓர் எட்டுக்கும் அடுத்த எட்டுக்கும் நடுவே
மடித்து வைத்து நடந்தேன்.

மீன்சந்தைத் திருப்பத்தில்
இடது கை ஒருமுறை தவறியது.
யாரும் கவனிக்கவில்லை.
சும்ஷ்டேக் அம்மாள் வந்திருந்தால்
கண்டுபிடித்திருப்பாள்.