பதினோரு மணிக்கு மேல்

ஓசூரைத் தாண்டி இது மூன்றாவது ராத்திரி.
பகலெல்லாம் ஓரங்கட்டி
வண்டிக்கடியில் ஜமக்காளம் விரித்துத் தூக்கம்.
மணி பதினொன்று அடித்தால்தான்
பெங்களூர் எங்களை உள்ளே விடும்.
ஐந்தடித்தால் நின்ற இடத்தில் நிற்கவேண்டும்.

நூற்று நாற்பது டன் டிரான்ஸ்ஃபார்மர்.
தொண்ணூற்றாறு டயர்.
லாரி என்று யாராவது சொன்னால்
வஜ்ரவேலுக்குக் கோபம் வரும்:
"நடக்கிற பில்டிங்குடா இது."

என் வண்டியின் வாலை
ஓடும்போது நான் பார்த்ததே இல்லை.
அது அவன் கண்ணில் இருக்கிறது.
பின்னால் நடந்துகொண்டே
பின்சக்கரங்களைத் திருப்புவான்,
வாக்கிடாக்கியில் பேசுவான்:
லெஃப்ட்ல ஒரு சாண்.
இன்னும் அரைச் சாண்.
நில்லு, நாய் தூங்குது.

எழுப்பினால் எழுந்து
சாவகாசமாகச் சோம்பல் முறித்து
தொண்ணூற்றாறில் ஒரு டயரைத் தேர்ந்தெடுத்துக்
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்.
பெர்மிட்டில் அது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

மேம்பாலம் தாங்காது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.
கீழ்ப்பாலத்தில் தலை இடிக்கும்.
அதனால் ராமமூர்த்தி நகர் சர்வீஸ் ரோடு.
அதில் ஒரு வளைவு.
அந்த வளைவில் ஒரு ஸ்கூட்டி.

பூட்டியிருந்தது.
கொக்கியில் யாரோ மறந்த முருங்கைக்காய்க் கட்டு.
நாலு பேர் தூக்கி
ஒரு கேட்டுக்குள் வைத்தோம், கட்டு கலையாமல்.
காலையில் தேடுவார்கள்.
ஒரு சீட்டு எழுதி வைக்கலாமென்றால்
கன்னடம் எழுதத் தெரிந்த முனிராஜு
பைலட் ஜீப்பில் முன்னாலே போய்விட்டான்.

பிறகு ஒயர்கள்.
கேபிள் ஒயரை, நெட் ஒயரை
இம்தியாஸ் உச்சியில் உட்கார்ந்து
மூங்கிலால் சிக்கெடுத்து அனுப்பிவிடுவான்.
கரண்ட் கம்பிக்கு மூங்கில் மட்டும் போதாது.
லைன்மேன் வரவேண்டும்.
வந்தார், ஒன்றரை மணிக்கு, கொட்டாவியோடு.
ஷட்டவுன்.

தெரு முழுக்க ஃபேன் நின்ற சத்தம்
கேபினில் எனக்குக் கேட்டது.
அப்படி ஒரு சத்தம் உண்டு.
முதலில் ஒரு குழந்தை அழுதது.
அப்புறம் கன்னடத்தில் ஒரு வசவு,
தெலுங்கில் ஒன்று,
மூன்றாவது சுத்தமான தமிழில்.
என் அம்மாவை இழுக்கவில்லை, அந்த மட்டும் சந்தோஷம்.

பால்கனிகள் நிறைந்தன.
தேர் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்,
யாரும் கும்பிடவில்லை.
முதல் மாடியில் ஒரு பெண்,
கழுத்தில் இஞ்சு டேப்.
உள்ளே மெஷின்
யாருடைய ஜாக்கெட்டிலோ பாதியில் நின்றிருக்கும்.

என் கேபின் அவளைக் கடந்தது.
ரொம்ப நேரம் கழித்து
இம்தியாஸ் அவளுக்கு நேராக வந்தான்,
கை நீட்டினால் காப்பி டம்ளர் வாங்கலாம்
அவ்வளவு கிட்டத்தில்.
அவன் வாக்கிடாக்கி அழுந்தியபடியே இருந்ததில்
எல்லாம் எனக்கும் கேட்டது.

"என்னப்பா அது?"
"டிரான்ஸ்ஃபார்மர்க்கா."
"எங்க ஏரியாவுக்கா?"

வண்டி மணிக்கு மூன்று கிலோமீட்டர்.
ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நகர்ந்துபோக
அந்த வேகம் பத்தாது.

"இல்லக்கா. யலஹங்காவுக்கு. கம்ப்யூட்டருக்கு."
"கம்ப்யூட்டர்ல வேல பாக்குறவங்களுக்கா?"
"இல்ல. கம்ப்யூட்டருக்கே."

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை.
அவள் உள்ளே போய்விட்டாள் என்று நினைத்தேன்.
பிறகு இம்தியாஸ் சிரிக்கிற சத்தம்,
கண் கூசுதுக்கா, கொஞ்சம் இறக்குங்க என்றான்.
செல்போன் லைட்டை
மூங்கில் நுனிக்குப் பிடித்திருக்கிறாள்.
"பாத்துப்பா. அந்தக் கறுப்பு ஒயர் எங்களோடது."

வளைவு முடிய நாற்பது நிமிடம்.
தோள்பட்டை கல்லாக இருந்தது.
எனக்கு முன்னால் இன்னும் இருட்டு,
எனக்குப் பின்னால் ஒரு இரும்பு மலை,
அதற்கும் பின்னால் நடப்பது
வஜ்ரவேல் சொன்னால்தான் உண்டு.

"வந்துருச்சு," என்றான்.
"யார் வீட்ல?"
"எல்லா வீட்லயும்.
ஏய், ரைட்ல ஒரு சாண். ரைட்டுன்னேன்."