ஹால்டிங்

பன்னிரண்டு சதவீதம் குறைக்கச் சொல்லி
கோயம்புத்தூர் ஆபீஸிலிருந்து ஒரே வரி வந்தது.
எதிலிருந்து என்று அதில் இல்லை.
லாரி வாடகை என்பது இங்கே, கோத்தகிரியில்,
மலையின் உயரத்துக்குக் கட்டுகிற கப்பம்.
உயரத்தை வெட்டிக் கொடுத்தால்
தேயிலை நிற்காது, காப்பிதான் வரும்.

மூன்று மாத பில்லைக் கம்பியிலிருந்து உருவி
மேசை முழுக்கப் பரப்பினேன்.
முதலில் காற்று அகப்பட்டது.
எங்களுடையது முறுக்கின பெரிய இலை, கனம் கிடையாது;
ஒரு சாக்கு இருபது கிலோவில் வயிறு நிறைந்துவிடும்.
ஒன்பது டன் வண்டியில் கூரை முட்ட ஏற்றியும்
ஐந்தரைதான்.
மீதிக்கு மலைக்காற்றை மூட்டை கட்டி
கொச்சிக்கு அனுப்பியிருக்கிறோம், ரசீதோடு.

சாக்கைக் குலுக்கும் மேடை ஒன்று வாங்கினோம்.
பேக்கிங் தங்கமலர் அதில் ஏறி நின்று பார்த்துவிட்டுப்
பல்லெல்லாம் பேசுது என்றாள்.
சாக்குக்கு ஒரு கிலோ கூடிற்று.

பிறகு வெறும் வண்டி.
ஒன்றுமில்லாமல் ஏறி வருகிறதற்கும் பாதி வாடகை.
மேட்டுப்பாளையம் மண்டியில் பேசி
வாரம் ஒரு வண்டி விறகு ஏற்றி வரச் செய்தேன்.
தூளில் மரவாசம் ஏறும் என்று முறைத்தார் டீமேக்கர்.
இரண்டு தார்ப்பாய், ஒரு துடைப்பம், நாற்பது நிமிடம்.
வண்டிக்குள் தலையை விட்டு மோந்தார்,
ஒன்றும் சொல்லாமல் போனார்.
எட்டு சதவீதம்.

மீதி நாலும் ஹால்டிங்கில் கிடந்தது.
இரண்டு மணிக்கே லோடு முடிந்துவிடும்,
கேட் பாஸ் கையெழுத்துக்கு நிற்கும்.
போஜராஜ் சார் சாப்பிடப் போனால்
ஐந்துக்கு வருவார், பேனா தேடுவார்.
அதற்குள் மூடுபனி கேட்டைத் தாண்டி உள்ளே வந்திருக்கும்,
அதற்குக் கையெழுத்து வேண்டாம்.
வண்டி இரவு தங்கும்.
ஆயிரத்து இருநூறு, மாதத்தில் பதினெட்டு இரவு.

முதலாளியின் தூக்கம் என்று
டாலியில் ஒரு தலைப்பு கிடையாது.
'ஆவணத் தாமதம்' என்று எழுதி வைத்தேன்.
படித்தார். திரும்பப் படித்தார்.
மறுநாள் வெற்றுப் பாஸ் கட்டு முழுக்கக்
கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுத்
தூங்கப் போனார்.

கோயம்புத்தூர் பாராட்டியது, அதுவும் ஒரே வரி.

சென்னியப்பன் வந்து நின்றார். காரமடைக்காரர்.
ஹால்டிங்க எடுத்துட்டீங்களாமே, மேடம்.
ஆமாண்ணா, இனி வெளிச்சத்துலயே
வீட்டுக்குப் போயிடலாம்.
வீட்டுக்கா என்றார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை.
வெளிச்சத்துல இறங்குனா
எங்க ஓனரு ராத்திரிக்கு வேற லோடு வெச்சிருப்பான்.
காசு அவனுக்குத்தான் போச்சு.
கொச்சியில இறக்கிட்டு விடிய விடிய ஓட்டிட்டு வர்றேன்,
உங்க கேட்டுலதான் கண்ண மூடுவேன்.
தேயில மேல தார்ப்பாய், தார்ப்பாய் மேல நான்.

அவர் போன பிறகு
டீ ஆறி ஆடை கட்டும் வரை உட்கார்ந்திருந்தேன்.
காற்றைப் பிடித்தேன், வெறும் வண்டியைப் பிடித்தேன்,
இது எந்த பில்லிலும் இல்லை.

கொச்சி போய்த் திரும்பும் வண்டிக்கு மட்டும்
ஒரு வரி சேர்த்தேன்:
இன்ஜின் ஆற, ஓர் இரவு.

பன்னிரண்டு பத்தாயிற்று.
ஏன் பத்து என்று ஒரே வரி வந்தது.
ஏற்றத்தில் சூடாகிறது, மலை, என்று
நானும் ஒரே வரி.
அப்புறம் யாரும் கேட்கவில்லை;
சமவெளிக்காரர்களுக்கு மலை என்றால்
கொஞ்சம் பயம் உண்டு.

இன்றைக்கு நான் கிளம்பும்போது
கேட்டுக்குள் வண்டி நின்றிருந்தது.
பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன், எப்போதோ ஆறியிருந்தது.
மேலே, தார்ப்பாய்க்கு வெளியே
ஒரு கால்,
ரப்பர் செருப்பு கழற்றாமல்.