பிசுபிசுப்பு

பெருமாள்புரத்தில் சொரிமுத்துவின் கார்மேல்
விடிந்ததும் பிசுபிசுவென்று ஏதோ.
"மரத்த வெட்டிப் போடும்வே" என்றார்.

ஆற்றுப்பாலைக் கொம்பை வளைத்து
இலையைத் திருப்பினேன்.
நரம்போரம் அசுவினி, அசைகிற எள்.
அது கழித்த தேனுக்கு
அடிமரத்திலிருந்தே எறும்பு வரிசை.

வேப்பெண்ணெயில் சோப்பைக் கரைத்து
அடிக்கப் போகையில்
முதலைக்குட்டி போலக் கறுப்பாய் ஒரு புழு.
இவன்தான் தலைவன் என்று
நசுக்க நீண்டது விரல்.
அது ஓர் அசுவினியைக் கவ்வியது.
கால்கள் உதறி ஓயும்வரை தின்றது.
அடுத்ததற்கு நகர்ந்தது.

தெளிப்பானை இறக்கிவைத்தேன்.
அடிமரத்தில் பழைய வேட்டிக்கிழிசல் சுற்றி
அதன்மேல் கிரீஸ் தடவினேன், எறும்புக்கு மட்டும்.

"பத்து நாள்
காரைத் தள்ளி நிறுத்தும்வே.
அந்தப் புழுவுக்குச்
சிவப்பு ஓடு வரணும்,
முதுகில் பொறி விழணும்."

சொரிமுத்து
கண்ணாடியை விரலால் தொட்டு
நக்கிப் பார்த்தார்.