பாணி

மூன்று விரல் வேண்டும் என்றார்கள்
மஞ்சக்குப்பம் மைதானத்தில்.
அம்புக்கு மேலே ஒன்று, கீழே இரண்டு.
ஆள்காட்டியையும் நடுவிரலையும்
துறைமுகத்து ஐஸ் மெஷின் தின்று
ஆறு வருஷம்.
மிச்சத்தை எண்ணிப் பார்த்த மாஸ்டர்
"ஓட்டப்பந்தயம் இருக்கே" என்றார்.

சில ராத்திரி
ஃபோன் வெளிச்சத்தில் தேசம் தேசமாய்ப் போனேன்.
குதிரை குலுங்கக் குலுங்க
கட்டைவிரலால் இழுக்கிறான் மங்கோலியன்.
துருக்கியன் விரலில் கொம்பு மோதிரம்.
ஜப்பான்காரி
தன்னைவிட உயரமான மூங்கிலை
நடுவில் பிடிக்காமல் கீழே பிடிக்கிறாள்.
அவள் கட்டைவிரலைப் பூட்டுவது
மோதிரவிரல்.
மோதிரவிரல்!
எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

கொம்பும் நரம்பும் ஒட்டிய வில்
நம் ஐப்பசிக் காற்றில் பசை விட்டுப்போகும்.
எனக்கு மூங்கில் போதும்.
மோதிரத்துக்கு
முக்கால் இஞ்ச் பிவிசி குழாயில் ஒரு துண்டு,
அடுப்பில் வாட்டி, உப்புத்தாளில் தேய்த்து.

ஒரு வாரம் அம்பு காலடியிலேயே விழுந்தது.
எல்லோரையும் போல
வில்லுக்கு இடப்பக்கம் வைத்திருந்தேன்.
கட்டைவிரல் இழுத்தால் வலப்பக்கமாம்.
மாற்றினேன்.
நாண் காதைத் தாண்டிப் போயிற்று.

கட்டைவிரலைக் கேட்டு வாங்கின கதை
இங்கே குழந்தைக்கும் தெரியும்.
மெஷின் அதைக் கேட்கவில்லை.

வைக்கோலில் தைத்த சத்தம்
ஐஸ் பாளத்தில் குத்தூசி இறங்குவது மாதிரி.
இல்லை, அதைவிட மெத்து.

போட்டிப் படிவத்தில் 'பாணி' என்றொரு கட்டம்.
கடலூர் முதுநகர் என்று எழுதினேன்.
தப்பான இடம் என்று
பேனாவால் ஒரு அம்பு போட்டு
'ஊர்' கட்டத்துக்கு அனுப்பினார் மாஸ்டர்.