வளவுக்குள் இரண்டு படகு

பங்காளிகள் யாரும் வராத மாசி.
கண்டனூர் வீட்டைத் திறந்து
வளவுப் பத்தியைத் துடைத்து
நூல் பிடித்து, சாக்கட்டியால்
இரண்டு படகையும் முழு அளவில் வரைந்தோம்.
வெள்ளையில் பழையது. எழுபத்தொன்றில் வார்த்தது,
முப்பத்தாறு அடி.
அதன் மேலேயே நீலத்தில் புதியது,
நாற்பது.
இரண்டும் லங்காவியில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன.
புதியதன் விலைக்குப் பழையதில் நான்கு வாங்கலாம்;
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
செட்டி வீட்டில் பிறந்தவள்.
இங்கிருந்து கடல் என்றால் தொண்டி,
பஸ்ஸில் ஒன்றரை மணி.

பழையது நெல்மணி,
நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கி.
புதியது இஸ்திரிப் பெட்டி,
கூர் முன்னால், அகலமெல்லாம் பின்னால்.
பத்தியில் அடங்காமல் ஒரு அடி
தூண் வரிசையைத் தாண்டுகிறது.
அதன் விருந்தாளி அறைக்குள்
ஒரு தேக்குத்தூண் நிற்கிறது.
"அந்த அறை உன் தம்பிக்கு" என்றான் வயிரவன்.

பழையதற்கு ஏரா
அணியத்திலிருந்து சுக்கான்வரை ஒரே ஓட்டம்.
திரும்பு என்றால் யோசித்துத் திரும்பும்.
புதியதற்கு அடியில் ஒரு கத்தி,
ஏழடி ஆழம், போல்ட்டில் தொங்குகிறது.
நினைத்தாலே திரும்பிவிடும்,
நினைக்காதபோதும்.

பழையதின் தோல் ஒரு விரற்கடை கனம்.
கண்ணாடியிழை அன்றைக்குப் புதுச்சரக்கு,
எவ்வளவு போதும் என்று யாருக்கும் தெரியாது.
தெரியாததால் இன்னொரு சுற்று,
பயத்தில் அதன்மேல் இன்னொன்று.
புதியதைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டிருக்கிறது,
எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று.
அதற்குமேல் ஒரு தாள் கனம்கூடக் கிடையாது.
அலை இதையெல்லாம் கேட்டா அடிக்கும்?

படுத்துப் பார்த்தோம்.
பழையதில் தோளுக்கு இந்தப் பக்கம் கோடு,
அந்தப் பக்கம் கோடு. உருள இடமில்லை.
மூக்குக்கு மேலே, வரைய முடியாத இடத்தில்,
ஒழுகும் ஆணி ஒன்று இருப்பதாக
விற்பவரே எழுதியிருக்கிறார்.
புதியதில் இருவரும் கைகால் நீட்டினோம்.
"நடுக்கடலில் முப்பது டிகிரி சாய்ந்தால்?"
உருண்டு காட்டினான்,
அடுப்படிவரை.

கடல் கொண்ட ஊரிலிருந்து வந்தவர்களாம் நாம்.
அதனால்தான் தளத்தை இவ்வளவு உயர்த்தினார்களாம்.
எனக்குத் தெரியாது.
அளந்ததை மட்டும் சொல்கிறேன்:
முற்றத்துத் தரையிலிருந்து பத்தியின் விளிம்பு
இரண்டே முக்கால் அடி.
தண்ணீரிலிருந்து பழைய படகின் விளிம்பும்
அவ்வளவே.

"இறங்கு" என்றேன். "நீ விழுந்துவிட்டாய்."

இறங்கினான். அக்குளில் கயிறு கட்டினேன்.
மயக்கம், கைகொடுக்கக் கூடாது என்று பேச்சு.
எண்பத்துநான்கு கிலோ,
நனைந்த துணிக்கு நானாக மூன்று கூட்டிக்கொண்டேன்.
தூணில் கால் உதைத்து இழுத்தேன்.
முதல் தடவை இருவரும் சிரித்தோம்.
இரண்டாவதில் அவன் மட்டும்.
மூன்றாவதில் கயிறு நழுவியது.
என் உள்ளங்கைச் சிவப்பைக்
கீழிருந்து பார்த்தபடி நின்றான்.

புதியதில் பொத்தானை அழுத்தினால்
பின்சுவர் கதவுபோல் இறங்கி
தண்ணீரோடு தண்ணீராகப் படியாகும்.
விழுந்தவன் நடந்தே வரலாம்.
காலையில் அதைக் கேலி செய்திருந்தேன்,
குளிக்க வருபவர்களின் சொகுசு என்று.
அதை முதலில் வரைந்தவனும்
என்றோ ஒருநாள், ஏதோ ஒரு விளிம்பில்,
யாரையோ தூக்க முடியாமல் நின்றிருப்பான்.
பயம் அங்கேயும் இருக்கிறது,
கனமாக இல்லை, அவ்வளவுதான்.

மின்விசிறி சுற்றியது. நீலக்கோடு கொஞ்சம் பறந்தது.
வயிரவன் ஏறி வரவில்லை,
மேலே வா என்று நானும் சொல்லவில்லை.
வெள்ளைச் சாக்கட்டியை எடுத்து
முற்றத்துப் பக்கக் கல்லில்,
பழைய படகிலிருந்து கீழ்நோக்கி
ஏணி ஒன்று வரைந்தேன். ஐந்து படி.

கடைசிப் படியில் கால் வைத்துப் பார்த்தான்.
வழுக்கியது.
"ஆறாகப் போடு" என்றான்.
"தண்ணீருக்குள்ளும் ஒன்று வேண்டும்."